நகரம் வளர்கிறது, பிள்ளை எங்கே தங்குவாள்?

"மட்டக்களப்பையும் ஒரு தொழில்நுட்ப நகரமாக மாற்றலாம். கோயம்புத்தூரைப் பாருங்கள்" என்று இளைஞர் யுவதிகளுக்கான கூட்டமொன்றில் அண்மையில் ஒருவர் பேசினார். திரையில் உயர்ந்த கண்ணாடிக் கட்டிடங்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறவர்கள், டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த களுதாவளைத் தாய் ஒருவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "மிஸ், அந்த ஊரில பொம்புளப் புள்ளைகள் எங்க தங்குதுகள்?"

அவர் இதைப் பேச்சாளரிடம் கேட்கவில்லை. எங்கள் தாய்மார் இப்படியான கேள்விகளை மேடையை நோக்கிக் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவளிடம்தான் கேட்பார்கள். ஆனால் அன்றைய கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் இதுதான் மிகச் சரியான கேள்வி என்பது என் எண்ணம். 2023ஆம் ஆண்டு பயிற்சியொன்றுக்காக நான் பத்து நாட்கள் கோயம்புத்தூரில் தங்கியிருந்தேன். சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, கட்டிடங்களைவிட அவற்றுக்குள் போய்வருகிறவர்களையே அதிகம் பார்த்தேன். அங்கு கண்டதையும் அந்த நகரைப் பற்றி வாசித்தறிந்ததையும் நமது நிலைமையோடு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கோவை என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோயம்புத்தூர் தமிழ்நாட்டின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசல்போல் அமைந்த ஊர். அங்கே கடல் இல்லை, துறைமுகம் இல்லை. நொய்யல் ஆறு பெரும்பாலும் வறண்டு கிடக்கும். இருந்ததெல்லாம் கரிசல் மண்ணும் அதில் விளைந்த பருத்தியும்தான். 1888இல் ரொபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கு முதலாவது நூற்பாலையைத் தொடங்கினார். 1932இல் நீலகிரி மலையின் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மலிவாக மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்ற பெயரும் வந்தது.

ஆலை வந்தால் ஆலை இயந்திரம் பழுதாகும். பழுதைத் திருத்த ஆள் வேண்டும், உதிரிப்பாகம் வார்க்கப் பட்டறை வேண்டும். இன்னொரு பக்கம் விவசாயிகளின் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. தண்ணீர் இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. வெங்காயத் தோட்டத்துக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் காலை மாலை தண்ணீர் இறைத்துப் பழகிய களுதாவளைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதிகம் பள்ளிக்கூடம் போகாத ஜி. டி. நாயுடு என்பவரும் அவரோடு டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார்கள். பிறகு மோட்டார், பம்ப் செய்யும் சிறு பட்டறைகள் தெருவுக்குத் தெரு தோன்றின. நெசவாலைகளுக்கான இயந்திரங்களையே செய்யும் பெரிய தொழிற்சாலை 1962இல் எழுந்தது. மாவரைக்கும் மின் கிரைண்டரும் இந்த ஊரில் பிறந்ததுதான். எங்கள் அம்மம்மாமாரின் தோள் நோவுக்கு நாவற்குடா ஆஸ்பத்திரியைவிடக் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரன் செய்த மருந்து பெரிது என்று என் மாமி ஒருவர் பகிடியாகச் சொல்வார்.

படிப்பும் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்மாரும் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கென வைத்தார்கள். அதிலிருந்து பல கல்வி நிறுவனங்கள் உருவாகின. அவர்களது பொறியியற் கல்லூரி 1951இல் வந்தது. அதற்கு முன்பே 1945இல் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் தொடங்கிய கல்லூரி இன்று அரசாங்கப் பொறியியற் கல்லூரி. பெண்களுக்கென்று 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. சமையலும் தையலும் கற்பிக்கத்தானே என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். அது 1988இல் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. இப்போது அங்கே பெண்கள் பொறியியலும் படிக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எல்லாம் இனிமையானதல்ல. ஆலைப் பெண் தொழிலாளி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து எழுந்த மோதலில் ஒருவர் கொல்லப்பட, அதற்காக நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அவர்களை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தப் பெண் தொழிலாளியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குள் ஒரு கேள்வி. 1990களில் நூற்பாலைகள் பல நொடித்துப் போயின. 1997 நவம்பர் இறுதியில் நடந்த கலவரத்தில் முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டார்கள். 1998 பெப்ரவரி 14ஆம் திகதி தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். சந்தேகமும் பயமும் நிறைந்த அந்த ஊரில் கடை போடவே ஆட்கள் தயங்கிய காலம் அது என்று எங்களுக்கு வகுப்பெடுத்த ஆசிரியை சொன்னார். கலவரமும் குண்டும் ஊரடங்கும் தெரிந்த எங்களுக்கு அந்தக் கதை அந்நியமாக இருக்கவில்லை.

அந்த நிலையிலிருந்து எழுந்துதான் நகரம் தகவல் தொழில்நுட்பத்துக்குள் நுழைந்தது. விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா என்ற பெரிய கட்டிடம் 2010இல், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு அங்கு நடந்த அதே ஆண்டில், திறக்கப்பட்டது. சரவணம்பட்டியில் கொக்னிசன்ட், பொஷ் போன்ற பெரிய கம்பனிகளின் அலுவலகங்கள் வந்தன. 2001 கணக்கெடுப்பில் நகரும் அதைச் சூழ்ந்த பகுதியும் சேர்ந்து 14 இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். 2011இல் 21 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் இன்னொரு தகவல் தொழில்நுட்பக் கட்டிடமும் திறக்கப்பட்டது.

ஆக, முதல் ஆலைக்கும் டைடல் பூங்காவுக்கும் இடையில் 122 வருடங்கள். பட்டறை வந்தது, மின்சாரம் வந்தது, கல்லூரி வந்தது, பஸ் வந்தது, கடைசியில்தான் கண்ணாடிக் கட்டிடம் வந்தது. நமது பகுதிகளில் அபிவிருத்தி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்ததை முதலில் கட்டச் சொல்கிறார்கள். நாடா வெட்டித் திறந்துவைத்த கட்டிடங்களுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது நாம் காணாததல்ல.

இனித் தங்குமிடக் கேள்விக்கு வருகிறேன். சரவணம்பட்டியில் நான் பார்த்த தெருக்களில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் "பெண்கள் விடுதி" என்று பலகை தொங்கியது. நாம் போர்டிங் என்போமே, அதுதான். ஆனால் ஐந்து மாடி. ஒவ்வொரு அறையிலும் மூன்று நான்கு கட்டில்கள், கீழே சாப்பாட்டு அறை, வாசலில் காவலாளி, இரவு ஒன்பதரைக்குப் பிறகு வெளியே போக அனுமதி இல்லை என்ற அறிவித்தல். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளைக் கம்பனி வாகனமே கொண்டுவந்து வாசலில் விடும். அறை வாடகையையும் சாப்பாட்டையும் கேட்டபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்கே போய்விடும் என்று கணக்குப் பார்த்தேன்.

கோபிசெட்டிப்பாளையத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையோடு பேசக் கிடைத்தது. அவளது தகப்பன் மஞ்சள் பயிரிடுகிறவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போனவள் அவள். "எங்கப்பா சம்பளம் எவ்வளவுன்னு கேக்கவே இல்லீங்கக்கா. ஹாஸ்டலுக்கு வந்து வார்டன் அம்மாவைப் பாத்துப் பேசிட்டுத்தான் சரின்னாரு" என்றாள். கம்பனி எவ்வளவு பெரியது, என்ன மென்பொருள் செய்கிறது என்பதெல்லாம் அந்த மனிதருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. மகள் படுக்கிற அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். விடுதி இல்லையென்றால் அந்தப் பட்டம் கோபியிலேயே சுவரில் தொங்கியிருக்கும். ஒரு நகரம் தொழில்நுட்ப நகரம் ஆவதற்கு அந்த நகரத்து வார்டன் அம்மாமாரின் பங்களிப்பு என்ன என்று எவராவது ஆராய்ச்சி செய்தால் நல்லது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து அரசாங்கத்தின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குப் பயணக் கட்டணம் இல்லை. கம்பனிகளில் கூட்டித் துடைக்கிற அம்மாமார், கன்டீனில் வேலை செய்கிறவர்கள், விடுதிகளில் சமைக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பஸ்களில் வந்திறங்குவதைக் காலையில் பார்த்தேன். கண்ணாடிக் கட்டிடத்துக்குள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பிள்ளைக்குப் பின்னால் அட்டை இல்லாத இத்தனை பெண்கள் இருக்கிறார்கள். அவர்களது சம்பளத்தைப் பற்றி அபிவிருத்திக் கூட்டங்களில் ஒருவரும் படம் காட்டுவதில்லை.

பயிற்சியின் எட்டாவது நாள் எங்களை நகருக்கு வெளியே ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். வழியில் இன்னொரு வகையான பஸ்ஸைக் கண்டேன். நூற்பாலைப் பஸ். உள்ளே எல்லாம் இளம் பெண் பிள்ளைகள். ஆலை விடுதியில் தங்கி வேலை செய்கிறவர்கள் என்றார் கூட வந்தவர்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட ஆலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை, பதினாறு வயதும் நிரம்பாதவர்களைக்கூட, மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள். மாதாமாதம் கிடைப்பது சொற்பம். மூன்று வருடமும் முடித்தால் கையில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் இந்திய ரூபா வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். அது கலியாணத்துக்கு, அதாவது சீதனத்துக்கு. இந்தியாவில் 1961ஆம் ஆண்டே சீதனத்தைத் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது. இருந்தும் சீதனத்தின் பெயராலேயே ஆலைகளுக்கு ஆள் சேர்த்தார்கள். இடையில் நோய்வாய்ப்பட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தப் பணம் கிடைக்காமற் போன கதைகள் ஏராளம். விடுதியை விட்டு வெளியே போக முடியாது, வீட்டோடு பேசவும் கட்டுப்பாடு. 2011இல் இதுபற்றி வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு ஆடை வாங்கும் பெரிய கம்பனிகள் கேள்வி கேட்கத் தொடங்கின. திட்டத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். விடுதியோடு சேர்ந்த ஆலை வேலை மறைந்துவிடவில்லை. ஒடிசா, பீகார் போன்ற தூர மாநிலங்களிலிருந்தும் இப்போது பிள்ளைகள் வருகிறார்கள்.

ஒரே மாவட்டம். இரண்டு பக்கமும் பெண்கள் விடுதி, இரண்டிலும் இரவில் கதவு பூட்டுகிறார்கள். ஒன்றில் பூட்டிய கதவுக்குள் இருக்கிற பிள்ளையின் சம்பளம் அவளது வங்கிக் கணக்கில் விழுகிறது. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு கம்பனிக்குப் போவாள். மற்றதில் பிள்ளையோடு சேர்த்து அவளது கூலியையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். "பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள்" என்று இரண்டு தகப்பன்மாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். பாதுகாப்பு என்ற சொல்லை எவராவது சொன்னால், சாவி யார் கையில் என்று கேட்கப் பழகவேண்டும் என்று அந்த வழியிலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

இப்போது நம்முடைய பக்கம். மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு பெண்ணுக்கு உரியது. தாய் தன் வளவுக்குள்ளேயே மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பாள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவான். தாய்வழிக் குடி முறையோடு ஒட்டிய இந்த வழக்கத்தை அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது, எங்கள் வீட்டுக் கதையை வெள்ளைக்காரர் சொல்லிக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டோம். ஆனால் வெளிக்கள வேலைக்கு வந்த பிறகுதான் அதன் பாரம் விளங்கியது. அந்த வீட்டைக் கட்டத்தானே நமது தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள்? அதற்குத்தானே அக்காமார் கட்டுநாயக்காவுக்குக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார்கள்? தங்கைக்கு அத்திவாரம், பிறகு லிண்டல் மட்டம், பிறகு கூரை என்று வருடக்கணக்காகச் சம்பளம் சீமெந்தாக மாறியது. சுமங்கலித் திட்டத்தைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் புதினமாக இருக்கவில்லை.

கோயம்புத்தூருக்கும் நமக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் இதில் இருக்கிறது. அங்கே பெண் பிள்ளை எப்படியும் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்றே வளர்க்கப்படுகிறாள். நமது பிள்ளை தாயின் வளவிலேயே இருக்கப்போகிறவள். ஆகவே கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயர் கம்பனியில் வேலை கிடைத்தாலும், "கட்டின வீட்டப் பூட்டிப்போட்டு அங்க போர்டிங்குக்குக் காசு கட்டுறதா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். படிப்பறிவில்லாத கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, மாதமொருமுறை ஊர் வந்துபோகும் செலவு எல்லாம் கழிந்தால் முதல் இரண்டு வருடம் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தத் தாய் கணக்குத் தெரிந்தவள்.

ஆனால் அதே வீட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோயம்புத்தூரில் எங்களுக்கு வகுப்பெடுத்த ஆசிரியை, தன்னிடம் படித்துக் கம்பனிகளுக்குப் போன பெண்களில் பலர் முதற்பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார்கள் என்று கவலைப்பட்டார். மாமியார் வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, அல்லது பார்க்க மனமில்லை. நமது பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் அம்மா, பின் வளவில் பெரியம்மா. பிள்ளை வளர்க்க ஒரு படையே இருக்கிறது. ஒரு தொழிலில் பத்து இருபது வருடம் நின்று மேலே வருவதற்கு இதைவிடப் பெரிய வசதி ஒரு பெண்ணுக்கு என்ன இருக்க முடியும்? நமது பிள்ளைகளை நகரத்துக்கு எப்படி அனுப்புவது என்று மட்டும் யோசிக்காமல், வேலையை அவர்கள் வந்துபோகக்கூடிய தூரத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசிப்பதுதான் நமது ஊருக்குப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

இது நடவாத காரியம் அல்ல. தமிழ்நாட்டின் தெற்கே தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இடம். பட்டம் இல்லாமல் பாடசாலைப் படிப்பை மட்டும் முடித்தவர்களுக்கு உதவிப்பணம் கொடுத்துத் தாங்களே கற்பித்து வேலைக்குச் சேர்க்கும் பள்ளியையும் அந்த நிறுவனம் நடத்துகிறது. நமது நாட்டில், போர் முடிந்த பின் யாழ்ப்பாணத்தில் இளைஞர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பைத் தொடங்கிப் பாடசாலை மாணவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் போட்டிகள் நடத்தி வருகிறார்கள். மட்டக்களப்பு நகரிலும் சிறு சிறு முயற்சிகள் உண்டு. ஆனால் மட்டக்களப்பு நகரம் என்பது எல்லோருக்கும் எட்டிய தூரம் அல்ல. எழுவான்கரையில் களுதாவளையில் இருக்கும் பிள்ளை கல்முனை வீதியில் நின்றால் பஸ் வரும். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பிள்ளைக்கு அந்த வசதியும் இல்லை. கொரோனா காலத்தில் இணைய வகுப்புக்காக சிக்னல் தேடி வயல் வரம்பில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கோயம்புத்தூருக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், மண்டூருக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை பாதையில் ஏறிக் கடந்து பார்க்கவேண்டும்.

நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். டிப்ளோமா முடித்தவள், கெட்டிக்காரி. 2021இல் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். வாடிக்கையாளர் ஐரோப்பாவில் என்பதால் இரவு பத்து பதினொன்று வரை லப்டொப்புக்கு முன்னால் இருப்பாள். "ராவையில யாரோட கதைக்கிறாளோ" என்று அயலில் பேச்சு எழுந்தது. காதில் போட்ட ஹெட்ஃபோனைக் கண்டே ஒரு கலியாணப் பேச்சுக் குழம்பியது. தாய் மனம் தளரவில்லை. மகளின் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மச்சாள்மாருக்குக் காட்டிவிட்டு வந்தார். ஊர் வாய் ஓரளவு அடங்கியது. அடக்க முடியாதது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. கொழும்பில் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ஜெனரேட்டர் இருந்தது. இவளுக்கு என்ன இருந்தது? மூன்று மாதத்தில், குறித்த நேரத்தில் வேலை முடிக்கவில்லை என்று கூறி நிறுத்திவிட்டார்கள். முன்னறிவித்தலும் இல்லை, நட்டஈடும் இல்லை. அவளிடம் இருந்த ஒப்பந்தத்தை வாங்கி வாசித்தேன். இரண்டு பக்கம், ஆங்கிலம். அவளை ஊழியர் என்றே அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

தொழில்நுட்ப வேலை கண்ணாடிக் கட்டிடத்துக்குள் இருந்தாலும் கண்ணாடி போன்றதுதான். 2025 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் திடீரென மூடப்பட்டதில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்துக்குப் போனதாகச் செய்தி வந்தது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, ஆரம்ப நிலை வேலைகளுக்கு ஆள் எடுப்பது குறையும் என்ற பேச்சும் பலமாக இருக்கிறது. நமது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை அந்த ஆரம்ப நிலை வேலைகள்தான். ஆகவே கம்பியூட்டர் வகுப்போடு சேர்த்து, நியமனக் கடிதத்தை எப்படி வாசிப்பது, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று எப்படிக் கேட்பது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாதர் சங்கத்தில் சென்ற வருடம் மூன்று மாலைகள் இதை மட்டும் எடுத்துக் கதைத்தோம். சேமலாப நிதியைப் பற்றி அதிகம் கேள்வி கேட்டவர்கள் கார்மென்ட்ஸில் இருந்து திரும்பிய அக்காமார். அனுபவப்பட்டவர்கள் அல்லவா!

அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. தன்னைப்போல் வீட்டிலிருந்து கணக்குப் பதிவும் இணையத்தளம் வடிவமைக்கும் வேலையும் செய்யும் இன்னும் நான்கு பெண்களைத் தேடிப் பிடித்தாள். இருவர் படுவான்கரையைச் சேர்ந்தவர்கள், ஒருவர் மணமானவர், கைக்குழந்தை உண்டு. 2024இல் ஐவருமாகக் களுவாஞ்சிக்குடியில் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். முதல் மாத வாடகையும் முற்பணமும் தாய்மார் பிடித்த சீட்டுக் காசில் கட்டப்பட்டது. அவளது சீதன வீட்டுக்கு நிலத்தில் மாபிள் பதிக்கவென்று வைத்திருந்த காசில் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கினார்கள். அந்த முடிவைத் தாய்தான் எடுத்தார். தகப்பன் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கதவுக்குப் புதிய பூட்டு வாங்கி வந்து தானே பூட்டினார். ஐந்து சாவிகளும் ஐந்து பிள்ளைகளிடம் இருக்கின்றன.

அறையில் மலசலகூடம் கீழே கடையோடு சேர்ந்தது. மாலை ஆறரைக்குக் கடைக்காரர் பூட்டிவிடுவார். அதற்கு மேல் வேலை இருந்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. மேலே தனியாக ஒன்று கட்டித்தரச் சொல்லிக் கட்டிட உரிமையாளரோடு பேசி வருகிறோம். செலவில் பாதியைச் சங்கம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். படுவான்கரைப் பிள்ளைகள் இருவரும் பாதையின் கடைசி ஓட்டத்தைப் பிடிக்க ஐந்தரைக்கே எழும்ப வேண்டியிருக்கிறது, மற்ற மூவரும் எட்டு மணிவரை இருந்து அவர்களது பங்கையும் முடிக்கிறார்கள். மாலையில் ஒரு ஓட்டம் கூட்டித்தரும்படி ஐவரும் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதி, கிராம சேவகரின் சிபாரிசோடு ஒப்படைத்திருக்கிறார்கள். ஓய்வூதியம் எடுக்கப் போய்வரும் முதியவர்களும், ரியூசனுக்கு வந்துபோகும் பிள்ளைகளின் தாய்மாரும் அதில் கையொப்பம் வைத்தார்கள். கடைசியாக நான் எண்ணியபோது 114 பேர்.